தடுப்பூசி 11 மாதத்தில் எப்படி வந்தது, மருந்துகள் விஷயத்தில் ஏன் அவ்வளவு குழப்பம்?

கேள்வி இது: “வழக்கமாகப் பத்து வருஷம் ஆகும் என்று சொல்லப்படும் தடுப்பூசி, கொரோனாவுக்கு மட்டும் ஒரு வருஷத்துக்குள் எப்படி வந்தது? நடுவில் எதையாவது விட்டுவிட்டார்களா? மருந்து விஷயத்திலோ இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த பெருந்தொற்றில் இதைவிட வேகமாகச் செய்ய முடியுமா?”

மருத்துவ ஆய்வுகளில் எண்களைச் சரிபார்க்கும் பக்கத்தில் வேலை பார்ப்பவன் நான். அதனால் எண்களின் வழியாகவே பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், தடுப்பூசியில் குறைக்கப்பட்டது காத்திருக்கும் நேரம். பரிசோதனை முழுசாகவே நடந்தது. மருந்துகளில் முதல் சில மாதங்கள் நிலைமை தலைகீழ்: உலகின் பல இடங்களில் பரிசோதனையையே தாண்டிக் குதித்துவிட்டு, நோயாளிக்கு நேராக மருந்தைக் கொடுத்தார்கள். குழப்பம் அங்கிருந்து வந்தது.

முதலில் அந்தப் பத்து வருஷம் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஆய்வகம், விலங்குகள், அப்புறம் மனிதர்களிடம் மூன்று கட்டம்: முதலில் சில பத்துப் பேர், பிறகு சில நூறு பேர், கடைசியில் பல ஆயிரம் பேர். ஒவ்வொரு கட்டமும் உண்மையில் எடுத்துக்கொள்வது மாதக்கணக்குதான். இரண்டு கட்டத்துக்கு நடுவில்தான் வருஷங்கள் கரைகின்றன. பணம் போட ஆள் வேண்டும், அனுமதிக் கோப்பு வரிசையில் கிடக்கும், முடிவு தெரிந்த பிறகுதான் தொழிற்சாலையைப் பற்றியே பேச்சு எடுப்பார்கள். எபோலா தடுப்பூசி இதற்கு வேதனையான உதாரணம். கனடாவின் அரசு ஆய்வகம் உருவாக்கிய அந்தத் தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றுகிறது என்று 2005-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் இறக்கத் தொடங்கிய 2014-இல்தான் மனிதர்களிடம் சோதனை ஆரம்பமானது. அடுத்த வருஷமே கினியாவில் அது வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டார்கள். இடையில் போன ஒன்பது வருஷத்தில் அறிவியல் சிக்கல் எதுவும் பெரிதாக இல்லை. வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கொரோனாவில் இந்தக் காத்திருப்பை அரசுகள் பணம் கொடுத்து நீக்கின. தடுப்பூசி வேலை செய்யுமா என்று தெரிவதற்கு முன்பே உற்பத்தியைத் தொடங்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் ‘வார்ப் ஸ்பீட்’ திட்டம் 2020 மே மாதம் அறிவிக்கப்பட்டது; முடிவு சாதகமாக இல்லையென்றால் தயாரித்ததை எல்லாம் கொட்டிவிடலாம், நஷ்டம் அரசுடையது என்பதே அதன் சாரம். கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நடத்தினார்கள். முதல் கட்டத்தில் பாதுகாப்புத் தரவு ஓரளவு வந்ததும் அடுத்ததைத் தொடங்கினார்கள். ஒழுங்குமுறை அமைப்புகளும் கடைசியில் மொத்தமாகக் கோப்பை வாங்கிப் படிக்காமல், தரவு வர வரப் படித்தன.

ஆனால் பணம் மட்டும் போதாது. 2020 ஜனவரியில் அறிவியல் எந்த இடத்தில் நின்றது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960-களில் ஆர்எஸ்வி என்ற வைரஸுக்கு எதிராக ஒரு தடுப்பூசியை அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ் அது. அதை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் கொன்று செய்த ஊசி. போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குப் பின்னால் உண்மையான தொற்று வந்தபோது, போடாத குழந்தைகளைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள். தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. காரணத்தின் முக்கியமான பகுதி பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. வைரஸின் மேல் இருக்கும் ஒரு புரதம், செல்லுக்குள் நுழைவதற்கு முன் ஒரு வடிவத்திலும் நுழைந்த பின் வேறு வடிவத்திலும் இருக்கிறது. ஃபார்மலின் ஊசி உடலுக்குக் காட்டியது பின்னால் வரும் வடிவத்தை. அதைப் பார்த்து உடல் செய்த ஆன்டிபாடிகள் வைரஸில் போய் ஒட்டிக்கொண்டனவே தவிர, அதைத் தடுக்கவில்லை.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த பார்னி கிரஹாம், ஜேசன் மெக்லெல்லன் குழு 2013-இல் அந்த முதல் வடிவத்தை அசையாமல் நிறுத்தி வைக்கும் வழியைக் கண்டுபிடித்தது. பிறகு அதே யோசனையை மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தில், அதாவது வைரஸின் மேல் முள் போல நீட்டிக்கொண்டு செல்லுக்குள் நுழைய உதவும் புரதத்தில் முயன்றார்கள். புரதத்தின் ஒரு வளைவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அமினோ அமிலங்களை எடுத்துவிட்டு, புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை அங்கே வைத்தார்கள். புரதம் உருமாறாமல் நின்றது. இது வெளியானது 2017-இல். அந்த நேரத்தில் மெர்ஸைப் பற்றி வெளியே கவலைப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இன்னொரு பக்கம் எம்ஆர்என்ஏ: எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு. உடலுக்குள் நேராகச் செலுத்தினால் அதை அந்நியப் பொருளாக நினைத்து உடல் கொதித்துப்போகும். அதன் எழுத்துகளில் ஒன்றைச் சற்றே மாற்றினால் அந்தக் கொதிப்பு அடங்கும் என்று கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் காட்டினார்கள். 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்குத்தான். எம்ஆர்என்ஏவைச் சிதையாமல் செல்லுக்குள் கொண்டுபோகும் கொழுப்புத் துகளின் தொழில்நுட்பமும் புதிதல்ல. வேறொரு நோய்க்கான மருந்தில் 2018-லேயே அனுமதி பெற்றுவிட்டது.

ஆக, 2020 ஜனவரி 11 வாக்கில் சீன விஞ்ஞானிகள் புது வைரஸின் மரபணு வரிசையை வெளியிட்டபோது, மீதமிருந்தது ஒன்றே ஒன்று: அந்த வரிசையில் ஸ்பைக் புரதம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டு புரோலினை வைத்து, எம்ஆர்என்ஏவாக எழுதுவது. ஜனவரி 13-க்குள் மாடர்னா நிறுவனமும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமும் வடிவமைப்பை முடித்துவிட்டன. மார்ச் 16 அன்று சியாட்டிலில் முதல் மனிதருக்கு ஊசி போடப்பட்டது. 63 நாள். அந்த 63 நாளுக்குப் பின்னால் ஐம்பது வருஷ வேலை இருக்கிறது என்பதை யாரும் சொல்லாததால்தான், “அவசரத்தில் செய்தது” என்ற பேச்சு இவ்வளவு எளிதாகப் பரவியது.

சரி, “எதையாவது விட்டுவிட்டார்களா” என்ற கேள்விக்கு வருகிறேன். ஃபைசர்–பயோஎன்டெக் மூன்றாம் கட்டத்தில் 43,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, கண்காணிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஆய்வு நாள்காட்டியைப் பார்த்து முடிவதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் நோய் வந்ததும் முடியும். மொத்தம் 170 பேருக்கு அறிகுறியுடன் கோவிட் வந்த பின் பிரித்துப் பார்த்தார்கள். உப்புநீர்க் குழுவில் 162 பேர், தடுப்பூசிக் குழுவில் 8 பேர். 95 சதவீதம் என்ற எண் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் வந்தது. மாடர்னாவில் 185-க்கு 11. இந்த அளவு வித்தியாசத்தைத் தற்செயல் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாதாரணமாக 170 பேருக்கு நோய் வருவதற்கே வருஷங்கள் ஆகும். 2020 அக்டோபர், நவம்பரில் நோய் காட்டுத்தீயாகப் பரவிக்கொண்டிருந்ததால் வாரங்களில் வந்துவிட்டது. கசப்பான உண்மை இது: அத்தனை பேர் நோயுற்றதால்தான் அவ்வளவு சீக்கிரம் விடை கிடைத்தது. 2003-இல் சார்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோய் அடங்கிப்போனதால் அதன் தடுப்பூசிகளை மூன்றாம் கட்டத்தில் சோதிக்க வழியே இல்லாமல் போனது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது இரண்டு சம்பவங்கள். 2020 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு–அஸ்ட்ராஜெனகா ஆய்வில் ஒரே ஒருவருக்கு நரம்பு சம்பந்தமான நோய் வந்தது. உலகம் முழுக்க அந்த ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் அந்நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, பங்கேற்பாளர்களில் பாதிப் பேரையாவது இரண்டாவது ஊசிக்குப் பின் இரண்டு மாதமாவது கண்காணித்திருந்தால்தான் அவசரகால விண்ணப்பத்தையே பார்ப்போம் என்று அக்டோபரில் எழுதி வைத்தது. தடுப்பூசியின் பக்க விளைவு என்று ஏதாவது வந்தால் அது பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்ற பழைய அனுபவம்தான் காரணம். அவ்வளவு அழுத்தத்திலும் அந்த வரியை அழிக்காமல் வைத்த அதிகாரிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

இதனால் எல்லா ஆபத்தும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் விளைவு 40,000 பேர் ஆய்வில் கண்ணில் படாது. அஸ்ட்ராஜெனகா தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாக வந்த ரத்தக்கட்டு, பிளேட்லெட் குறைவு இரண்டும் சேர்ந்த நோய் 2021 மார்ச்சில், லட்சக்கணக்கானோருக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. சில வாரங்களில் அதன் காரணத்தையும் கண்டுபிடித்தார்கள்: பிளேட்லெட்டுகளில் இருந்து வரும் ஒரு புரதத்துக்கு எதிராக உடல் செய்துவிடும் ஆன்டிபாடிகள். பல நாடுகள் இளையவர்களுக்கு அதைப் போடுவதை நிறுத்தின. எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் பின் இளம் ஆண்களுக்கு அரிதாக வந்த இதயத் தசை அழற்சியும் இப்படித்தான் வெளியே வந்தது. பத்து வருஷம் எடுத்துச் செய்த தடுப்பூசியாக இருந்தாலும், அதே 40,000 பேரிடம் சோதித்திருந்தால் இவை தெரிந்திருக்காது. பல லட்சம் பேருக்குப் போட்டபின் தொடரும் கண்காணிப்புதான் இதைப் பிடிக்கும் ஒரே வலை. இதை மக்களிடம் முன்னாலேயே சொல்லாமல், “நூறு சதவீதம் பாதுகாப்பு” என்று பேசிய இடங்களில் நம்பிக்கை உடைந்தது. உடைந்ததில் நியாயமும் இருந்தது.

அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் அளவுக் குழப்பம் ஒன்றும் நடந்தது. ஒரு தொகுதியின் வீரியத்தை இரண்டு விதமாக அளந்தபோது இரண்டு விடை வந்ததால், சிலருக்கு முதல் ஊசி பாதி அளவாகப் போய்விட்டது. முடிவு வந்தபோது முழு அளவு பெற்றவர்களுக்கு 62 சதவீதம், பாதி அளவில் தொடங்கியவர்களுக்கு 90 சதவீதம் பாதுகாப்பு என்று அறிவித்தார்கள். பிறகு அலசியபோது, இரண்டு ஊசிக்கும் இடையே இருந்த நீண்ட இடைவெளிக்கும் அதில் பெரிய பங்கு இருந்தது தெரிந்தது. நல்ல தடுப்பூசிதான், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் ஆய்வைத் தெளிவாக வடிவமைக்காததற்கு நம்பிக்கை என்ற விலையைக் கொடுத்தது.

தோற்றவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் செய்த தடுப்பூசியில், ஸ்பைக் புரதத்தைப் பிடித்து வைக்க எச்ஐவி புரதத்தின் ஒரு துண்டைப் பயன்படுத்தினார்கள். அதனால் யாருக்கும் எச்ஐவி வராது. ஆனால் ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் சில எச்ஐவி பரிசோதனைகள் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டின. 2020 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். தடுப்பூசி உலகின் ஜாம்பவானான மெர்க், 2021 ஜனவரியில் தன் இரண்டு முயற்சிகளையும் நிறுத்தியது. கியூர்வேக் நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசி 48 சதவீதப் பாதுகாப்போடு நின்றுவிட்டது. சோதனை வெறும் கண்துடைப்பாக இருந்திருந்தால் இவையும் சந்தைக்கு வந்திருக்கும்.

இப்போது மருந்துகள். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ஒரு சிறு ஆய்வு வந்தது. மலேரியாவுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தைக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரம் போய்விடுகிறது என்றது. மருந்து பெற்றவர்கள் 26 பேர். கணக்கில் சேர்த்தது 20 பேரை மட்டும். மீதி ஆறு பேர்? மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார், ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார். மோசமானவர்களை எடுத்துவிட்டு மீதிப் பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றால் எந்த மருந்தும் நல்ல மருந்துதான். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவும் இல்லை. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்கா அவசரகால அனுமதி கொடுத்துவிட்டது. ஜூன் 15 அன்று திரும்பப் பெற்றது. அந்தக் கட்டுரையையே இதழ் 2024 டிசம்பரில்தான் விலக்கிக்கொண்டது.

குலுக்கல் ஏன் அவ்வளவு முக்கியம்? கோவிட் வந்தவர்களில் பெரும்பாலானோர் எந்த மருந்தும் இல்லாமலே குணமாகிறார்கள். நூறு பேருக்கு ஏதோ ஒரு மாத்திரை கொடுத்தால் தொண்ணூறு பேருக்கு மேல் எழுந்து நடப்பார்கள். கொடுத்த மருத்துவர் தன் கண்ணால் பார்த்ததை நம்புவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொண்ணூறு பேரும் மாத்திரை இல்லாமலும் நடந்திருப்பார்களா என்று அறிய, ஒரே மாதிரியான இன்னொரு கூட்டம் வேண்டும். நோயாளியின் முகத்தையும் வசதியையும் பார்க்காமல் குலுக்கல்தான் அப்படி ஒரு கூட்டத்தைத் தரும்.

பிரிட்டனில் பீட்டர் ஹோர்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் ‘ரெகவரி’ என்ற ஆய்வை இதற்காகவே தொடங்கினார்கள். திட்டம் எழுதத் தொடங்கியதிலிருந்து முதல் நோயாளி சேரும் வரை ஒன்பதே நாள். அதன் புத்திசாலித்தனம் அதன் எளிமையில் இருந்தது. மூச்சுவிட நேரமில்லாத மருத்துவரிடம் நூறு பக்கப் படிவத்தைக் கொடுத்தால் அவர் ஆய்வைத் தொடவே மாட்டார். எனவே சேர்க்கும்போது ஒரு சிறு இணையப் படிவம், கடைசியில் இன்னொன்று: உயிரோடு இருக்கிறாரா, வீட்டுக்குப் போனாரா, வென்டிலேட்டர் தேவைப்பட்டதா. கேட்க வேண்டிய கேள்வியும் உண்மையில் அதுதானே. மேல்விவரங்களை ஏற்கெனவே இருக்கும் சுகாதாரப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்தன.

ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் முடிவு வந்தது. இது 1950-களிலிருந்து இருக்கும் ஸ்டீராய்டு, எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பது. கொரோனாவுக்கு ஸ்டீராய்டைப் பொதுவாகக் கொடுக்க வேண்டாம் என்றே அதுவரை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருந்தது. மருத்துவர்களும் இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஆய்வில் 2,104 பேருக்கு தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். அதாவது, வென்டிலேட்டரில் இருக்கும் எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஏறக்குறைய ஓர் உயிர் மிஞ்சும். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் 26.2-லிருந்து 23.3.

ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் எந்தப் பலனும் இல்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 14.0 சதவீதம். கெடுதலாகக்கூட இருக்கலாம் என்றே இந்த எண்கள் சொல்கின்றன. காரணம் நோயின் போக்கில் இருக்கிறது. முதல் வாரத்தில் உடலுக்கும் வைரஸுக்கும் சண்டை. அப்போது நோயெதிர்ப்பு சக்தியை ஸ்டீராய்டால் அடக்கினால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். இரண்டாவது வாரத்தில் சிலருக்கு அந்த எதிர்ப்பு சக்தியே கட்டுமீறி நுரையீரலைப் பாழாக்குகிறது. அப்போது அதை அடக்கினால் உயிர் பிழைக்கும். 2021-இல் லேசான காய்ச்சல் வந்த முதல் நாளே வீட்டில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் எத்தனை பேர்! அந்த வருஷம் இந்தியாவில் கரும்பூஞ்சை நோய் பெருகியதற்குக் கட்டுப்படாத சர்க்கரை நோயோடு இந்தத் தாறுமாறான ஸ்டீராய்டு உபயோகமும் ஒரு காரணம்.

பிளாஸ்மா சிகிச்சையிலும் இதே பாடம். குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவை அமெரிக்காவில் ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லாமல் பல்லாயிரம் பேருக்கு ஏற்றினார்கள். உறவினர்கள் பிளாஸ்மாவுக்காக ஊர் ஊராக அலைந்த நாடுகளும் உண்டு. ரெகவரி ஆய்வு 11,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தது: பிளாஸ்மா பெற்றவர்களில் 24 சதவீதம் இறந்தார்கள், பெறாதவர்களிலும் 24 சதவீதம். அந்தப் பல்லாயிரம் பேரையும் முதலிலேயே குலுக்கலில் சேர்த்திருந்தால் இந்த விடை பல மாதங்களுக்கு முன்பே கிடைத்திருக்கும். “சாகக் கிடப்பவருக்கு மருந்தை மறுத்துக் குலுக்கல் போடுவது கொடுமை இல்லையா?” என்று கேட்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அது மருந்தா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாத நிலையில் எல்லோருக்கும் கொடுப்பதும் ஒரு பரிசோதனைதான். அதிலிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒட்டுண்ணிப் புழுக்களுக்கான ஐவர்மெக்டின் மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வகக் கிண்ணத்தில் வைரஸை ஒடுக்கிய செறிவை மனித ரத்தத்தில் வழக்கமான அளவில் எட்டவே முடியாது. பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. வைரஸைத் தாக்கும் ரெம்டெசிவிர் மருந்து ஓர் ஆய்வில் குணமாகும் நாளை 15-லிருந்து 10 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ‘சாலிடாரிட்டி’ ஆய்வில் இறப்பைக் குறைத்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. வைரஸைத் தாக்கும் மருந்தை, வைரஸ் தன் வேலையை முடித்த பின் மருத்துவமனையில் கொடுப்பதில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. அதே வகையான பாக்ஸ்லோவிட் மாத்திரையை முதல் சில நாளுக்குள் கொடுத்தபோது, தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் ஏறக்குறைய 89 சதவீதம் குறைந்தன. அதன் வேரும் பழையது: 2003 சார்ஸ் காலத்தில் தொடங்கி ஓரங்கட்டி வைத்த ஒரு மூலக்கூறிலிருந்துதான் அந்த வேலை ஆரம்பமானது. ஆனால் 2021 டிசம்பரில்தான் அனுமதி. தடுப்பூசிக்கு ஒரு வருஷம் பின்னால். புது மூலக்கூறைச் செய்து, நஞ்சில்லை என்று உறுதிசெய்து, மாத்திரையாக்குவதை எம்ஆர்என்ஏ போல வரிசையைப் பார்த்து எழுதிவிட முடியாது. அதனால் பெருந்தொற்றின் முதல் வருஷத்தில் கையில் இருக்கப்போவது பெரும்பாலும் பழைய மருந்துகள்தான். அவற்றில் எது உதவும் என்று சொல்ல ரெகவரி போன்ற ஆய்வு தவிர வேறு வழி இல்லை.

கடைசிக் கேள்வி: அடுத்த முறை இன்னும் வேகமாக முடியுமா? 2021-இல், தொற்றுநோய்த் தடுப்பூசிகளுக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான செபி (CEPI) முன்வைத்து, ஜி7 நாடுகள் ஆதரித்த இலக்கு ஒன்று உண்டு: வைரஸின் வரிசை தெரிந்து 100 நாளில் தடுப்பூசி. கொரோனா, இன்ஃப்ளூயன்சா போல நமக்கு ஏற்கெனவே தெரிந்த குடும்பத்து வைரஸ் என்றால் அது நடக்கக்கூடிய காரியம்தான். எந்தப் புரதத்தைக் குறிவைப்பது, அதை எப்படி நிறுத்தி வைப்பது என்ற வேலையை மனிதரைத் தாக்கக்கூடிய ஒவ்வொரு வைரஸ் குடும்பத்துக்கும் அமைதிக் காலத்திலேயே செய்து வைக்க வேண்டும். எச்ஐவி போன்ற வைரஸ் வந்தால் 100 நாள் என்பது வெறும் பேச்சு. நாற்பது வருஷத்துக்கு மேல் முயன்றும் அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை. பணமும் எம்ஆர்என்ஏவும் இருந்தும் இல்லை.

தடுப்பூசி தயாரானாலும் அது போய்ச் சேர வேண்டும். உலக நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கிய கோவாக்ஸ் திட்டம் 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் கொடுப்பதாக இலக்கு வைத்தது. 100 கோடியாவது டோஸ் போய்ச் சேர்ந்ததே 2022 ஜனவரி நடுவில்தான். பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தன. தயாரிக்கும் நாடுகள் தம் மக்கள் சாகும்போது ஏற்றுமதியை நிறுத்தின; இந்தியாவும் 2021-இல் அதைத்தான் செய்தது. உற்பத்தி ஆலைகள் ஒரு சில நாடுகளில் மட்டும் இருக்கும்வரை இது மாறாது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் எம்ஆர்என்ஏ தயாரிக்கக் கற்றுக்கொடுக்கும் முயற்சியை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தென்னாப்பிரிக்காவை மையமாக வைத்துத் தொடங்கியது. அந்த ஆலைகளுக்கு அமைதிக் காலத்திலும் தயாரிக்க ஏதாவது வேலை, வாங்க ஒரு ஆள் இருந்தால்தான் அடுத்த தொற்றின்போது அங்கே இயந்திரமும் இயக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.